குதிரை குடித்த தண்ணீர்

1

இங்கிலாந்துக்கு வந்து இருபது வருடம் முடிந்ததை நாங்கள் ஒரு கேக் வாங்கிக் கொண்டாடினோம். மேலே என்ன எழுத வேண்டும் என்று கடைக்காரப் பெண் கேட்டிருக்கிறாள். என் கணவர் குமார் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, பின்னால் வரிசை நீண்டுவிடவே, 'ஹாப்பி பர்த்டே' என்றே எழுதச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் யாருக்குப் பிறந்தநாள் என்று மகள் மீரா கேட்டாள். "விசாவுக்கு" என்றார் குமார். பதினாறு வயது மகள் சிரித்த அபூர்வமான நாட்களில் அதுவும் ஒன்று.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் கலா. பிறந்து வளர்ந்தது உப்புக்குப் பேர்போன மரக்காணம். குமாருக்குப் பொம்மையார்பாளையம். இங்கே வடக்குப் பக்கம், வெயில் வந்தால் ஆபீசுக்கு லீவு போடலாமா என்று யோசிக்கிற ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறோம். குமார் பஸ் ஓட்டுகிறார். நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் சாப்பாட்டில் உப்பு கூடிவிடக் கூடாது என்று அங்கே உப்பு டப்பாவைப் பூட்டி வைத்திருப்பார்கள். சாவி மேலதிகாரியிடம். மரக்காணத்தில் பிறந்தவள் உப்புக்குக் கையெழுத்துப் போட்டு வாங்குகிறேன் என்று ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் என்ன வேலை என்று கேட்டால், "ஸ்கூல்ல இருக்கேன்" என்பேன். டீச்சர் என்று அவர்களாகவே எடுத்துக்கொள்வார்கள். நான் திருத்துவதில்லை. பொய் சொன்னதாக யாரும் என்னைப் பிடிக்க முடியாது. சும்மா இருந்தேன், அவ்வளவுதான். என் பிறவிக் குணம் இது. இந்தக் குறிப்புகளில் வருகிற, நான் பட்ட பாடெல்லாம் இதனால்தான்.

நிஜமாகவே வகுப்பறைக்குள் ஒரு வேலை வேண்டும் என்றால் பட்டம் வேண்டும். அதற்காக ஐந்து வருடமாக மாலைக் கல்லூரிக்குப் போகிறேன். கடைசிப் பாடம் இந்த வருடம் வந்தது: காலனியாட்சிக் காலத்துச் சிறுகதைகளும் அதற்குப் பின் வந்த சிறுகதைகளும். முடிவில் இருபது நிமிடம் வகுப்பின் முன் பேச வேண்டும். அதில் தேறினால் பட்டம். தேறாவிட்டால் இன்னும் ஒரு வருடம் உப்பு டப்பாவுக்குக் கையெழுத்து.

2

முதல் வகுப்பில் எல்லோரும் தங்களைப் பற்றி ஓரிரு வார்த்தை சொல்லச் சொன்னார் ஹெலன். அவர்தான் எங்கள் ஆசிரியை. நரைத்த தலையைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, எப்போதும் ஒரே பச்சை ஸ்வெட்டரில் வருவார். எனக்கு முன்னால் பிரையன் பேசினார். ஓய்வுபெற்ற தபால்காரர். முப்பது வருடம் மற்றவர்கள் எழுதியதைப் படிக்காமலே கொண்டுபோய்க் கொடுத்ததாகவும், இப்போதாவது படிக்க வேண்டும் என்று வந்ததாகவும் சொன்னார். வகுப்பே கைதட்டியது. அடுத்து நான்.

வழக்கமாக ஊரைப் பற்றிக் கேட்டால் 'பாண்டிச்சேரி பக்கம்' என்பேன். உடனே அவர்கள் பிரெஞ்சு ரொட்டியைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள், வேலை முடிந்தது. அன்று பிரையனுக்குக் கிடைத்த கைதட்டல் என் தலைக்கு ஏறிவிட்டது. "நான் ஒரு உப்பளத்திலிருந்து வருகிறேன்" என்றேன்.

ஹெலன் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "உங்கள் குடும்பம் உப்பளத்தில் வேலை செய்ததா?" என்றார். "ஆமாம்" என்றேன்.

அதில் பொய் எங்கே இருக்கிறது? என் அப்பா மரக்காணத்தில் சில உப்புப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். வரப்பில் குடை பிடித்து நின்றுகொண்டு மற்றவர்களை வேலை வாங்குவதும் ஒரு வேலைதானே? நான் ஒரு கூடை உப்புகூடத் தூக்கியதில்லை. ஈ.சி.ஆர். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெள்ளைக் குவியல்களைப் பார்த்திருக்கிறேன், எப்போதாவது அப்பாவோடு போயிருக்கிறேன். ஆனால் அந்த வகுப்பில் பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில், நான் பிறந்ததிலிருந்து தலையில் உப்புக் கூடையோடு நடந்து நேராக அந்த அறைக்குள் வந்தவள் ஆகிவிட்டேன். இருபது வருடமாக இந்த நாட்டில் என்னை யாரும் அப்படி மரியாதையாகப் பார்த்ததில்லை. நான் திருத்தவில்லை.

வீட்டில் வந்து சொன்னேன். "அம்மா, நீதான் அந்த க்ளாஸிலேயே கூலான ஆள்" என்றாள் மீரா. மகள் என்னைப் பாராட்டுவது கேக்கின் மேல் என்ன எழுதுவது என்பதைவிடக் கஷ்டமான சங்கதி. அவளிடமும் திருத்தவில்லை.

3

நான்காவது வாரம் பாடப் புத்தகத்திலிருந்து ஒரு கதையைக் கொடுத்தார் ஹெலன். நாலே பக்கம். வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் ஏதோ பத்திரிகையில் வந்தது. எழுதியவர் பெயர் இல்லை. 'உப்பு இலாகா அதிகாரி ஒருவர்' என்று மட்டும் போட்டிருந்தது. இடம், சென்னைக்குத் தெற்கே ஒரு கடற்கரை உப்பளம். ஊர்ப் பெயர் சொல்லவில்லை. எனக்கென்னவோ அது எங்கள் ஊர் என்றே பட்டது. படிக்கிறபோது ஊர்ப் பெயருக்காக ஒவ்வொரு வரியிலும் தேடினேன்.

கதை இதுதான். இளம் அதிகாரி ஒருவன் காலையில் குதிரையில் உப்பளத்தைச் சோதனை பார்க்க வருகிறான். கொளுத்தும் வெயில். வரப்பின் மேல் ஒரு பானைத் தண்ணீர் இருக்கிறது. வழிப்போக்கருக்காக யாரோ நல்ல மனது படைத்த கிராமவாசி வைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு, குதிரைக்குக் காட்டுகிறான். குதிரை முழுவதையும் குடித்துவிடுகிறது. அவன் கீற்றுக் கொட்டகை நிழலில் உட்கார்கிறான். உச்சிப்பொழுதில் வேலை முடித்த பெண்கள் பாத்திகளிலிருந்து ஏறி வருகிறார்கள். அவனைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளியே நின்று தங்களுக்குள் ஏதோ பேசிக்கொள்கிறார்கள். வெட்கப்படுகிறார்கள் என்று எழுதுகிறான். பிறகு ஒருவர் பின் ஒருவராக ஊரைப் பார்த்து நடக்கிறார்கள். உப்பு காய்ந்து வெளுத்த அவர்கள் பாதங்கள் வெயிலில் மின்னுகின்றன. அரசிகளும் அணியாத வெள்ளிக் கொலுசு என்று அவனுக்குத் தோன்றுகிறது. இந்த மக்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டு, அந்தப் பாதங்களை நினைத்தபடி குதிரையில் திரும்பிப் போகிறான். கதை முடிந்தது.

ஹெலன் அந்தக் கொலுசு வரியை எடுத்துக்கொண்டு விளாசினார். ஒருத்தியின் உழைப்பை நகையாக மாற்றிப் பார்க்கிற கண் இது, ஆளும் கண் என்றார். பிரையன் அதிகாரிக்காகப் பரிந்து பேசினார். பாவம், ஊர் விட்டு ஊர் வந்த தனியாள் என்றார். இருவரையும் கேட்டுக்கொண்டிருந்த நான் கையைத் தூக்கினேன்.

"அவர் எழுதியது உண்மைதான். நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில். பெண்கள் வரிசையாக நடந்து போவார்கள். கால்கள் அப்படியே வெள்ளையாக மின்னும்."

இது சத்தியமான உண்மை. அந்தக் காட்சி எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது: உச்சி வெயில், முன்னால் போகிற வெள்ளைக் கால்கள். வகுப்பில் எல்லோரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். கடைசிப் பேச்சை நான் இந்தக் கதையைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று ஹெலன் அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபது நிமிடம் உப்பளத்தைப் பற்றிப் பேச வேண்டும். எனக்குத் தெரிந்ததோ ஒரு நிமிடத்துக்குக்கூட வராது.

4

அம்சாவுக்குப் போன் போட்டேன். அம்சா என்னோடு எட்டாவது வரை படித்தவள். அவள் அம்மா பட்டம்மா எங்கள் அப்பாவின் பாத்திகளில் வேலை பார்த்தவர். எட்டாவதோடு அம்சாவும் பாத்தியில் இறங்கிவிட்டாள். இன்றும் உப்பளத்தில்தான் வேலை. எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் போடாத ஒரே ஆள் என்பதால் எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

எனக்குச் சனிக்கிழமை காலை, அவளுக்குப் பிற்பகல். வீடியோவில் வந்தாள். மீரா குறுக்கே தலையை நீட்டி, "அம்சா ஆன்ட்டி, சாப்பிட்டியா?" என்றாள். பெரியவர்களிடம் 'சாப்பிட்டீங்களா' என்று பதினாறு வருடமாகச் சொல்லிக் கொடுத்துத் தோற்றிருக்கிறேன்.

"சாப்ட்டேன்டி தங்கம். உங்கம்மா பேச்ச கேட்டு மரியாத குடுக்க ஆரம்பிச்சிடாத, இதுவே நல்லா இருக்குது" என்றாள் அம்சா.

நான் விஷயத்தைச் சொன்னேன். பரீட்சை, கதை, பேச்சு எல்லாம். "கதைய சொல்லு, கேக்கறேன்" என்றாள். ஆங்கிலத்தில் படித்து, மனதுக்குள் தமிழாக்கி, அவளுக்குச் சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அவள் சீரியல் பார்க்கிற மாதிரி கேட்டாள். நடுவில் ஒரு தடவை, "அந்த ஆபீசருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்றாள். ஆகவில்லை என்றேன். "அதான்" என்றாள். கொலுசு வரிக்கு வந்தேன். அந்த வரியை நான் என் புத்தகத்தில் கோடு போட்டு வைத்திருந்தேன். கொஞ்சம் ராகத்தோடேயே சொன்னேன்.

"இரு இரு. கால் கழுவாமயா போனாளுங்க?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"எவளும் போவமாட்டாடி. உப்பு காலோட காஞ்சா வெரல் சந்தெல்லாம் வெடிச்சிடும். மறுநாள் பாத்தியில எறங்கினா உசுரே போயிடும். கரையில நல்லதண்ணி வெச்சிருப்போம். ஊருலேந்து தூக்கிட்டு வரணும். அதுல கழுவி, எண்ண தடவிக்கினுதான் வூட்டுக்குப் போவோம்." சட்டென்று நிறுத்தினாள். "கலா, அந்தக் குதிர தண்ணி குடிச்சிதுன்னியே. அது எங்க இருந்த தண்ணி?"

"வரப்பு மேல ஒரு பானையில. வழிப்போக்கருக்கு யாரோ நல்லவன் வெச்சான்னு எழுதியிருக்கான்."

"ஆமா, நல்லவன்! உப்பளத்து கரையில எந்த வழிப்போக்கன் வர்றான்? அது அவளுங்க கால் கழுவ வெச்ச தண்ணிடி. குதிர குடிச்சிட்டுது. கேக்க முடியுமா ஆபீசர? அதான் தள்ளி நின்னு பேசிக்கினாளுங்க. அப்புறம் அப்படியே போயிட்டாளுங்க. இவன் அத பாத்து கொலுசுன்றான்."

புத்தகத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். எல்லாம் அங்கேயே இருந்தது: பானை, குதிரை, தள்ளி நின்ற பெண்கள், வெள்ளைப் பாதம். எழுதியவனுக்கே தெரியாமல் கதைக்குள் இன்னொரு கதை. அவன் ரசித்த அழகு அவனே உண்டாக்கிய காயம். ஹெலனுக்குத் தெரியவில்லை. கதைக்கு விளக்கம் எழுதிய பேராசிரியர்களுக்கும் தெரியவில்லை. உப்பளத்துக்காரர் மகளாகப் பிறந்து, கல்யாணம் வரை அந்த ஊரிலேயே இருந்த எனக்கும் அந்தப் பானை எதற்கு என்று அன்றுவரை தெரியாது.

அதற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டேன். பொய் சொல்வானேன், வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். பட்டம் கையில் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

5

ஹெலனிடம் மேலோட்டமாகச் சொன்னேன். குதிப்பதுபோல் எழுந்தார். "இது யாருடைய வாசிப்பு?" என்று கேட்டார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், வாயை மூடிக்கொண்டிருக்கலாமா என்று பார்த்தேன். பிறகு, ஊரில் இருக்கும் தோழி சொன்னது என்றேன். அவர் முகம் இன்னும் மலர்ந்தது. பிறகு ஒரு படிவத்தைக் கொடுத்தார்.

இந்த நாட்டைப் பற்றி நான் ஒரு புத்தகம் எழுதினால் அதற்குப் 'படிவம்' என்றுதான் பெயர் வைப்பேன். ஒரு ஆள் சொன்னதைக் கல்லூரியில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றால் அவர் சம்மதம் வேண்டுமாம். ஆறு பக்கம். இந்த உரையாடலால் பங்கேற்பாளருக்கு மனத்துயரம் ஏற்பட வாய்ப்புண்டா? ஏற்பட்டால் அவர் யாரை அணுகலாம்? பங்கேற்பாளர் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்பதை அவருக்கு விளக்கினீர்களா? அம்சா எதிலிருந்து விலகுவாள், உப்பளத்திலிருந்தா?

நாலாம் பக்கத்தில் ஒரு கேள்வி: பங்கேற்பாளருக்கும் உங்களுக்கும் என்ன உறவு? 'வகுப்புத் தோழி' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவினேன்.

கடைசி நிபந்தனைதான் பெரிய தலைவலி. நான் பேசப்போவதன் சாரத்தை அவருக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டி, அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போன் போட்டேன்.

6

பெயரைப் போடலாமா, மறைத்துவிடலாமா என்று முதலில் கேட்டேன். "போடு. நான் இன்னா திருடிட்டனா?" என்றாள். பிறகு சாரத்தைப் படிக்க ஆரம்பித்தேன். உப்பளம், பானை, குதிரை. "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இந்தக் கதையில் வரும் வெள்ளைப் பாதங்களைச் சிறுமியாக இருந்தபோது நானே நேரில் பார்த்திருக்கிறேன்..." என்று படித்தேன்.

அவள் கை நின்றது.

"எப்ப பாத்த?"

"சின்ன வயசுல. அப்பாகூட வந்தப்ப."

"நாங்க கால் கழுவாம கரைய வுட்டு எறங்குனதே கெடையாது, கலா. ஒரு நாள் தவுர."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கையைக் கழுவிக்கொண்டு போனைச் சரியாக வைத்தாள்.

"எங்கம்மா அன்னிக்கி எல்லாருக்குமா ரெண்டு கொடம் கொண்டாந்துச்சி. தலையில ஒண்ணு, இடுப்புல ஒண்ணு. எனக்கு ஸ்கூல் லீவு, நானும் இருந்தேன். உங்கப்பா புது மோட்டார் சைக்கிள்ல வந்தாரு, ஒன்ன பின்னாடி ஒக்கார வெச்சிக்கினு. வண்டி மேல உப்புத்தண்ணி தெறிச்சிட்டுது. துரு ஏறிடும்னுட்டு அந்த ரெண்டு கொடத்தையும் எடுத்து ஊத்திக் கழுவுனாரு. நீதான் துணி வெச்சிக்கினு தொடச்ச. ஞாபகம் இல்லியா?"

ஞாபகம் இல்லாமல் என்ன? என் சின்ன வயதிலேயே சந்தோஷமான நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். அப்பா சிரித்துக்கொண்டே தண்ணீர் ஊற்றுகிறார், நான் கண்ணாடியைத் துடைக்கிறேன், என் முகம் அதில் பளபளவென்று தெரிகிறது. அப்பா இறந்தபோது விமானத்தில் அழுதுகொண்டே போனேனே, அப்போது கூட வந்தது அந்த நாள்தான். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. திரும்பிப் போகும்போது வண்டிக்கு முன்னால் பெண்கள் நடந்துபோனார்கள். கால்கள் வெள்ளையாக மின்னின. அழகாக இருக்கிறது என்று நான் அப்பாவிடம் சொன்னேன்.

"யாரும் ஒண்ணும் சொல்லலியா, அம்சா?"

"மொதலாளி வண்டிடி. இன்னா சொல்றது? நடந்தோம். அம்மாவுக்குக் காலு வெடிச்சி பத்து நாள் வேலைக்கிப் போவல."

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றேன்.

"அந்த வெள்ளக்காரனுக்கும் தெரியாதுன்னுதான நீ எழுதி வெச்சிருக்க?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். "சரி, மீதிய படி, எண்ண காயுது" என்றாள். படித்தேன். எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று சொல்லி, மறுநாள் கையெழுத்துப் போட்ட பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பிவிட்டாள்.

7

ஒரு வாரம் அல்லாடினேன். குமாரிடம் சொன்னேன். "தண்ணிதானே? விடு. கதையைப் பத்தி மட்டும் பேசு, பாஸ் பண்ணு, வீட்டுக்கு வா" என்றார். பஸ் ஓட்டுகிறவர், நேர் பாதைதான் தெரியும். மீரா எனக்காகப் படங்கள் போட்டுத் திரைக்காட்சி தயாரித்துக் கொடுத்திருந்தாள். எல்லாவற்றிலும் அஸ்தமனச் சூரியன். நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்டு, "அப்போ தாத்தா வில்லனா?" என்றாள். நான் கத்திவிட்டேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாத்தாவைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததே கொஞ்சம். அதிலும் பாதியை நான் மெருகேற்றிச் சொன்னது.

எனக்கு என்ன பயம் என்று யோசித்துப் பார்த்தேன். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், அவருக்கு இனி மானக்கேடு இல்லை. பயம் என்னைப் பற்றித்தான். அந்த வகுப்பில் நான் உப்பளத்துப் பெண். அந்த ஒரு மரியாதையையும் கழற்றி வைத்துவிட்டால் மறுபடியும் நான் 'பாண்டிச்சேரி பக்கம்'. அதுவும் போகட்டும், முதல் நாளிலிருந்து ஊமையாக இருந்து ஏமாற்றினேன் என்று தெரிந்தால் தேற்றுவார்களா?

நாளும் வந்தது. எழுந்து பேசினேன். குதிரைக்கு வந்தபோது பிரையன் கண்ணாடியைக் கழற்றினார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "இந்தக் குதிரையை நான் மூன்று தடவை படித்தேன், பார்க்கவே இல்லையே" என்றார். அம்சாவின் பெயரைச் சொன்னேன். ஹெலன் எழுதிக்கொண்டார். பதினெட்டு நிமிடத்தில் முடித்துவிட்டேன். கேள்வி உண்டா என்றேன்.

பிரையன்தான் கேட்டார். மனிதர் குரலில் அத்தனை கனிவு. "உங்கள் தாயாரும் அந்தப் பெண்களில் ஒருவரா?"

ஒரு தலையாட்டல் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம்.

"இல்லை" என்றேன். "அந்தக் குதிரை எங்கள் வீட்டுக் குதிரை."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா, குடை, புது வண்டி, இரண்டு குடம், துடைத்த துணி, அழகாக இருக்கிறது என்று நான் சொன்னது. ஆங்கிலத்தில் காலமெல்லாம் முன்பின்னாகக் குழம்பியது, யாரும் கண்டுகொள்ளவில்லை. படிவத்தில் உறவு என்ற இடத்தில் 'அவள் அம்மா என் அப்பாவிடம் வேலை பார்த்தவர்' என்று மாற்றி எழுதியிருக்கிறேன் என்றும் சொன்னேன். உட்கார்ந்தேன். பிறகு பிரையன் கை தட்ட ஆரம்பித்தார், அப்புறம் எல்லோரும். ஹெலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இத்தனை வருடத்தில் இப்படி ஒரு நேர்மையைப் பார்த்ததில்லை என்றார். தேறிவிட்டேன், நல்ல மதிப்பெண்ணில். வீட்டுக்கு வந்து மீராவின் கதவைத் தட்டி, தாத்தா செய்ததையும் நான் வகுப்பில் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் என் தோளில் சாய்ந்திருந்தாள். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது.

8

அம்சாவிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? சனிக்கிழமை வரை பொறுத்திருந்து கூப்பிட்டேன். பாஸ் ஆனதைச் சொன்னேன். "பார்ட்டி எங்க?" என்றாள். அவள் பெயரைச் சொன்னதை, ஹெலன் அதை எழுதிக்கொண்டதைச் சொன்னேன். சிரித்தாள். பிறகு, அப்பா வண்டி கழுவியதையும் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன் என்றேன்.

"நெசமாவா? உங்கப்பாவயா?"

"ஆமாம். தப்புன்னு சொல்லிட்டேன்."

அவள் முகத்தைத் திருப்பி வீட்டுக்குள்ளே பார்த்துக் கத்தினாள். "எம்மா! கலா சொல்லிட்டாளாம்!"

உள்ளேயிருந்து ஒரு வயதான குரல். "எந்தக் கலா?"

"மொதலாளி பொண்ணு. அன்னிக்கி நம்ம கொடத்து தண்ணிய ஊத்தி வண்டி கழுவுனாங்கல்ல, அது தப்புன்னு சொல்லிட்டாளாம்."

"யாருகிட்ட சொன்னாளாம்?"

"அங்கதான், அவ படிக்கிற எடத்துல. வெள்ளக்காரங்க கிட்ட. எல்லாரும் கை தட்டுனாங்களாம்."

பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கிற சத்தம் வந்தது.

"எங்கிட்ட எப்ப சொல்லுவாளாம்?"

அம்சா என் முகத்தைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்தாள். நான் போனைக் கீழே வைத்துவிட்டு ஓடியிருப்பேன், ஓட இடமில்லை. "போன அம்மாகிட்ட குடு, அம்சா" என்றேன்.

திரை ஆடியது. சுவர், கூரை, அப்புறம் ஒரு காது. போனைக் காதில் வைத்துக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது. "யாரு?" என்றார். என்னைவிட முப்பது வயது மூத்தவரை நான் சின்ன வயதில் 'பட்டம்மா' என்று பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். இப்போது எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு விநாடி தெரியவில்லை.

"அம்மா, நான் கலா பேசறேன்" என்றேன்.